பிப்பின் கைகளிலிருந்து ஒரு கட்டுரை

1861 மே 22 அன்று சார்லஸ் டிக்கன்ஸ் ஒரு நீராவிக் கப்பலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தார். லண்டனின் கிழக்கே பிளாக்வாலில் ஏறி, தேம்ஸ் நதி கடலோடு கலக்கும் சவுத்எண்ட் வரை பயணம். நண்பர்கள் எட்டு ஒன்பது பேரும் குடும்பத்தினர் சிலரும் கூட வந்தார்கள். நாள் முழுவதும் அவர்களைச் சிரிக்க வைப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலையே இல்லாதது போலத்தான் தெரிந்தது. ஆனால் இரு கரைகளிலும் அவர் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை என்று அவர் வரலாற்றை எழுதிய ஜான் ஃபார்ஸ்டர் பதிவு செய்திருக்கிறார். அப்போது ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழில் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ தொடராக வந்துகொண்டிருந்தது. தப்பி வந்த கைதி மேக்விட்ச்சைப் படகில் ஏற்றி, நாட்டை விட்டு அனுப்பப் பார்க்கும் அத்தியாயம் வரவேண்டியிருந்தது. படகு எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கும் என்பதை அவர் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பினார். இந்த நாவலுக்காக அவர் எழுதிவைத்த குறிப்புகள் சில பக்கங்கள்தான். அவற்றில் பாத்திரங்களின் வயதுக் கணக்கு இருக்கிறது. ஆற்றில் நீர் ஏறும் நேரமும் வடியும் நேரமும் இருக்கின்றன. கையெழுத்துப் பிரதி இன்று இங்கிலாந்தின் விஸ்பெக் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

எழுதுகிறவரே இப்படித் திட்டமிட்டிருக்கிறார். அதைப் படித்துவிட்டுக் கட்டுரை எழுதும் மாணவர்கள் மட்டும் ஏன் திட்டம் இல்லாமல் பேனாவைத் திறக்கிறார்கள்? பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பில் இந்த நாவலைப் பல ஆண்டுகள் நடத்தியவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் அசைன்மென்ட் காலம் வந்தால் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். கையில் நான்கு பக்கம் இருக்கும். முதல் பக்கத்தில் டிக்கன்ஸ் 1812இல் போர்ட்ஸ்மத்தில் பிறந்தார், விக்டோரியா காலத்தில் தொழிற்புரட்சி நடந்தது. இரண்டாம் மூன்றாம் பக்கங்களில் கதைச் சுருக்கம். கடைசி வரியில், இவ்வாறு டிக்கன்ஸ் சமூகத்தைச் சாடுகிறார். இவர்களில் பலர் சோம்பேறிகள் இல்லை. ஐந்நூறு பக்கத்துக்கு அருகில் வரும் ஒரு நாவலை, இரண்டாம் மொழியில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடித்தவர்கள். அத்தனை உழைத்தும் கட்டுரையில் அவர்களுடைய ஒரு வாக்கியம்கூட இல்லாமல் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. கைடிலும் செல்பேசியிலும் கிடைக்கிற சுருக்கம் அவர்களைவிட நன்றாகவே கதை சொல்லிவிடும். அவர்கள் மட்டும் சொல்லக்கூடியது வேறு ஒன்று இருக்கிறது. திட்டமிடுவது என்றால் அதைக் கண்டுபிடிப்பதுதான்.

அது எப்படி நடக்கும் என்பதை ஒரு மாணவியின் கட்டுரையை வைத்தே சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு படிப்பவள். அவளுக்குக் கொடுத்திருந்த கேள்வி இது: பணம் ஒருவரை ஜென்டில்மேன் ஆக்குமா என்பதை ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ எப்படி அணுகுகிறது? 1500 சொற்களில் எழுத வேண்டும்.

படிக்காதவர்களுக்காகக் கதை இரண்டு வரியில். கென்ட் மாவட்டத்தின் சதுப்பு நிலத்து அநாதைச் சிறுவன் பிப், கொல்லரான அக்கா கணவர் ஜோவிடம் வளர்கிறான். முகம் தெரியாத ஒருவர் தரும் பணத்தில் லண்டன் போய்ப் பெரிய மனிதனாகிறான். திருமணம் நின்றுபோன நாளில் கடிகாரங்களை நிறுத்திவிட்டு, மணக்கோலத்தோடு இருட்டறையில் வாழும் பணக்காரி மிஸ் ஹாவிஷாம்தான் அந்தக் கொடையாளி என்று நம்புகிறான். உண்மையில் பணம் அனுப்பியவர் மேக்விட்ச். சிறுவயதில் கல்லறைத் தோட்டத்தில் பிப் யாருக்குப் பயந்து சாப்பாடும் அரமும் திருடிக் கொண்டுபோய்க் கொடுத்தானோ, அதே கைதி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கே ஆடு வளர்த்துச் சம்பாதித்தவர்.

“என்ன எழுதப் போற?” என்று கேட்டேன்.

“பணம் ஒருத்தர ஜென்டில்மேன் ஆக்காதுன்னு டிக்கன்ஸ் சொல்றார், மேம்.”

“இத யாராவது மறுப்பாங்களா?”

யோசித்துவிட்டு, “மாட்டாங்க” என்றாள்.

யாரும் மறுக்க முடியாத ஒன்றை 1500 சொற்களில் நிரூபிக்க வேண்டிய தேவை இல்லை. என் பிள்ளைகளிடம் நான் வைக்கும் முதல் சோதனையே இதுதான். கட்டுரை முழுவதையும் தாங்கப் போகிற ஒரு வாக்கியத்தை எழுது. நாவலைக் கவனமாகப் படித்த இன்னொருவர் அதைக் கேட்டு “அப்படிச் சொல்ல முடியாதே” என்று சொல்ல இடம் இருக்கிறதா பார். இருந்தால் மட்டும் மேலே போ.

அந்த வாக்கியம் எங்கிருந்து வரும்? சுவரைப் பார்த்து யோசித்தால் வராது. புத்தகத்தில் இருக்கும் பென்சில் கோடுகளிலிருந்து வரும். முதல் தடவை கதைக்காகப் படிக்கட்டும், கோடு போட வேண்டாம். இரண்டாம் தடவை, ஏன் என்று தெரியாவிட்டாலும் மனத்தில் தைத்த இடத்தில் கோடு போடட்டும். இந்தப் பெண் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதியில் நிறையவே கோடு போட்டிருந்தாள். “கோடு போட்ட இடத்தையெல்லாம் வரிசையா வாசி, அத்தியாய எண்ணையும் சொல்லு” என்றேன். வாசித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

“மேம், எல்லாத்துலயும் கை வருது.”

வந்தது. எட்டாம் அத்தியாயத்தில் எஸ்டெல்லா என்ற பெண் பிப்போடு சீட்டாடும்போது அவனுடைய முரட்டுக் கைகளையும் தடித்த பூட்ஸையும் இகழ்கிறாள். அதுவரை தன் கையைப் பற்றி அவன் வெட்கப்பட்டதே இல்லை. அன்றுமுதல் அது அவனுக்குக் கேவலமான பொருளாகிவிடுகிறது. பதினெட்டாம் அத்தியாயத்தில் பிப்பை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாகப் பணம் வேண்டுமா என்று வழக்கறிஞர் ஜாகர்ஸ் கேட்கும்போது, ஜோ பிப்பின் தோளில் கை வைக்கிறார். இரும்பை அடித்து அடித்து உரமேறிய அந்தக் கை ஒரு பெண்ணின் கையைப் போல மென்மையாக இருந்தது என்று பிப் நினைவுகூர்கிறான். இருபத்தாறில் ஜாகர்ஸ் தன் கட்சிக்காரர்களைப் பார்த்து அனுப்பியதும் வாசனை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். அதே அத்தியாயத்தில் அவர் வீட்டு வேலைக்காரி மோலியின் கையைப் பிடித்து, தழும்பேறிய மணிக்கட்டுகளை விருந்தினர்களுக்குக் காட்டுகிறார். நாற்பத்தெட்டில் மோலியின் விரல்கள் பின்னல் போடுவதைப் போல அசைவதைப் பார்த்துத்தான், எஸ்டெல்லா யாருடைய மகள் என்று பிப் தெரிந்துகொள்கிறான். நாற்பத்தொன்பதில் தீப்பற்றிய மிஸ் ஹாவிஷாமைக் காப்பாற்றி இரண்டு கைகளையும் சுட்டுக்கொள்கிறான்.

இவற்றையெல்லாம் வரிசையாக எழுதினால் கட்டுரை ஆகிவிடுமா? ஆகாது. கைகளின் பட்டியல்தான் மிஞ்சும். ஒரு படிமத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் பிள்ளைகள் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். நல்ல மாணவர்களும் நிற்பார்கள். அடுத்த கேள்வியை இங்கே கேட்டே ஆக வேண்டும். இவற்றில் எந்த இரண்டு இடங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன?

இரண்டு நாள் கழித்து வந்தவள் 39ஆம், 56ஆம் அத்தியாயங்களைக் காட்டினாள். எனக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை வருடம் நடத்திய பாடத்தில் அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த வேறு மாணவர் எனக்கு நினைவில் இல்லை.

39ஆம் அத்தியாயத்தில் புயலும் மழையுமான ஓர் இரவு. பிப்புக்கு 23 வயது முடிந்து ஒரு வாரம் ஆகிறது. லண்டன் டெம்பிள் பகுதியில் உச்சி மாடியில் குடியிருக்கிறான். படிகளில் காலடிச் சத்தம். விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் ஒரு கிழவர் இரண்டு கைகளையும் அவனை நோக்கி நீட்டியபடி ஏறி வருகிறார். தான் யார் என்பதையும், உன்னை ஜென்டில்மேன் ஆக்கியது என் உழைப்புத்தான் என்பதையும் சொல்கிறார். பெருமை தாங்காமல் பிப்பின் இரண்டு கைகளையும் எடுத்து உதட்டில் வைத்துக்கொள்கிறார். பிப்புக்கு ரத்தம் உறைகிறது. ஒரு மிருகத்திடமிருந்து விலகுவதைப் போல விலகப் பார்க்கிறான்.

56ஆம் அத்தியாயத்தில் அதே மனிதர் சிறை மருத்துவமனையில் சாகக் கிடக்கிறார். நாடு கடத்தப்பட்டவர் திரும்பி வந்தால் தூக்கு என்பது கதை நடக்கும் காலத்துச் சட்டம். ஒரே நாளில் 32 ஆண்களும் பெண்களும் கூட்டமாக நிற்க வைக்கப்பட்டு மரண தண்டனை பெறுகிறார்கள். அவர்களில் இவரும் ஒருவர். விசாரணை நடக்கும்போது பிப் குற்றவாளிக் கூண்டுக்கு வெளியே நெருங்கி நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். தினமும் சிறைக்குப் போகிறான். கடைசி நாளில், தொலைந்துபோன உங்கள் மகள் உயிரோடு இருக்கிறாள், அவளை நான் நேசிக்கிறேன் என்று சொல்கிறான். மேக்விட்ச் பிப்பின் கையைத் தன் உதட்டுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார். அதற்கான வலு அவரிடம் இல்லை. பிப் தன் கையைத் தளர்த்திக் கொடுத்து, தானே உயர்த்தி உதவுகிறான்.

செயல் ஒன்றுதான். முன்பு கை பறிக்கப்பட்டது, இப்போது கொடுக்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே 16 அத்தியாயங்கள். அவள் எழுதிய வாக்கியம் இது: “தன் கையைக் கண்டு வெட்கப்படக் கற்ற நாளில் பிப்பின் வீழ்ச்சி தொடங்குகிறது. பணமெல்லாம் போன பிறகு, ஒரு குற்றவாளியின் கையை ஊரறியப் பிடித்துக்கொள்ளும்போதுதான் அவன் ஜென்டில்மேன் ஆகிறான்.” இதை ஒருவர் மறுக்கலாம். மறுப்பதற்கு நாவலிலேயே சான்றும் இருக்கிறது. எனவே நல்ல வாக்கியம்.

அடுத்து நான் கேட்டது அந்த மறுப்பை. திட்டத்தில் எதிர்ச் சான்றுக்கு இடம் ஒதுக்காத கட்டுரைகளை நான் நம்புவதில்லை. இந்த வாக்கியத்துக்கு எதிராக நிற்பது ஹெர்பர்ட் பாக்கெட்டின் கதை. பிப் தன் நண்பன் ஹெர்பர்ட்டுக்குத் தெரியாமல், தனக்கு வந்த பணத்திலிருந்தே கொடுத்து அவனைக் கிளாரிக்கர் என்ற வணிக நிறுவனத்தில் பங்காளியாக்க ஏற்பாடு செய்கிறான். மேக்விட்ச்சின் பணத்தை இனித் தொடக்கூடாது என்று முடிவு செய்த பின், மீதியைக் கட்ட மிஸ் ஹாவிஷாமிடம் 900 பவுண்டு கேட்டு வாங்குகிறான். எதிர்பார்ப்புகள் வந்த நாளிலிருந்து தான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று அவனே சொல்கிறான். அப்படியானால் அவனுடைய மிகச் சிறந்த செயல் பணத்தால் நடந்தது. அதுவும் வெட்கத்தில் மூழ்கிக் கிடந்த அதே வருடங்களில் தொடங்கியது. பணம் ஒருவரை ஜென்டில்மேன் ஆக்காது என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

அவள் கலங்கிப்போனாள். “அப்போ என் பாயின்ட் தப்பா, மேம்?” என்றாள். தப்பு இல்லை. அதைக் கொஞ்சம் கூர்மையாக்க வேண்டும், அவ்வளவுதான். பிப் அந்தப் பணத்தை ரகசியமாகக் கொடுக்கிறான். ஹெர்பர்ட் முன்னால் அவன் கை தெரிவதில்லை. மேக்விட்ச்சின் கையைப் பிடிப்பதோ நீதிமன்றத்தில், எல்லோரும் பார்க்க. நல்லவனாக இருப்பதற்கு அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. தாழ்ந்தவர்களோடு தன்னைச் சேர்த்துப் பார்க்கிற கண்களைத் தாங்குவதற்குத்தான் தெரியவில்லை. 27ஆம் அத்தியாயத்தில் ஜோ லண்டனுக்குப் பார்க்க வரும்போது, காசு கொடுத்தாவது அவர் வராமல் தடுத்திருப்பேன் என்று பிப் சொல்லும் இடம் இதற்கு வலுவான துணை. ஆகவே ஹெர்பர்ட் பகுதியைக் கட்டுரையில் மறைக்க வேண்டியதில்லை. நடுவில், நல்ல வெளிச்சத்தில் வைக்கலாம். வாக்கியத்தில் ‘ஊரறிய’ என்பதற்கு இப்போதுதான் முழு அழுத்தம் வந்தது.

மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாவலைச் சொல்பவன் பிப். நடுவயதில், எல்லாம் நடந்து முடிந்த பின் திரும்பிப் பார்த்துச் சொல்கிறான். ஜோவை அவமதித்த சிறுவன் ஒருவன், அதை எழுதும்போது வலிக்கிற பெரியவன் இன்னொருவன். இரண்டு பேரும் ‘நான்’ என்றுதான் பேசுகிறார்கள். டிக்கன்ஸ் மூன்றாமவர். சான்றாக எடுக்கும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘சிறுவன்’, ‘பெரியவன்’ என்று எழுதிவைக்கச் சொல்வேன். 39ஆம் அத்தியாயத்தில் ரத்தம் உறைவது இளைஞனுக்கு. அந்த அருவருப்பை மறைக்காமல் முழு நீளத்துக்கு எழுதிவைப்பது பெரியவன். தன்னைத் தானே சாட்சிக் கூண்டில் ஏற்றும் அந்த நேர்மையைப் பற்றியே ஒரு பத்தி எழுதலாம், அவள் எழுதினாள்.

விமர்சகர்களை எங்கே சேர்ப்பது? வேலை இருக்கும் இடத்தில் மட்டும். ஜார்ஜ் ஆர்வெல் 1940இல் டிக்கன்ஸைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில், மேக்விட்ச் மீது பிப் காட்டும் அருவருப்பு டிக்கன்ஸுடையதும்தான் என்று வாதிடுகிறார். இவளுக்கு இதைவிட நல்ல எதிராளி கிடைக்கமாட்டார். ஆர்வெல் சொல்வது 39க்குப் பொருந்தலாம், 56க்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டு அவரோடு வாதாடலாம். எட்வர்ட் செய்த் தன்னுடைய 1993ஆம் ஆண்டு நூலில் இதே நாவலை எடுத்துக்கொண்டு, குற்றவாளிகளை அனுப்பிவிட்டுத் திரும்ப வரவிடாத இடமாக ஆஸ்திரேலியா இங்கிலாந்துக்கு இருந்ததைப் பேசுகிறார். அருமையான பார்வை. ஆனால் அது வேறொரு கட்டுரைக்கான விதை. படித்ததையெல்லாம் காட்ட வேண்டும் என்ற ஆசையை இந்த நேரத்தில் அடக்கத்தான் வேண்டும்.

வாழ்க்கை வரலாறும் அப்படித்தான். 1824இல் தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் இருந்தபோது, 12 வயது டிக்கன்ஸ் பூட்ஸ் மை தயாரிக்கும் இடத்தில் புட்டிகளுக்குக் காகிதம் ஒட்டும் வேலை பார்த்தார். அந்த வெட்கத்தை வாழ்நாள் முழுவதும் பொத்திவைத்திருந்தார். கையைப் பற்றிய கட்டுரையில் இது ஒரு வரிக்குத் தகுதியானது. எட்டாம் அத்தியாயத்துக்குப் பக்கத்தில், ஒரே வரி. முதல் பத்தியில் வேண்டாம்.

வரிசைப்படுத்துவதில் அதிகம் சொல்ல இல்லை. கதை போகும் வரிசையிலேயே எழுதினால் கட்டுரை மறுபடியும் கதைச் சுருக்கமாக நழுவிவிடும். எனவே 39ஆம் அத்தியாயத்தில் தொடங்கச் சொன்னேன். அந்த அருவருப்பு எங்கிருந்து வந்தது என்று எட்டுக்கும் இருபத்தேழுக்கும் பின்னால் போகலாம். பிறகு ஹெர்பர்ட், அதன் பிறகு ஆர்வெல், இறுதியில் நீதிமன்றமும் சிறையும். ஒரே தாளில், ஒவ்வொரு பகுதிக்கும் அத்தியாய எண்ணும், அது எதை நிறுவுகிறது என்று ஒரு முழு வாக்கியமும் போதும். ‘பிப்பும் ஜோவும்’ என்று தலைப்பு மட்டும் எழுதினால் போதாது. முழு வாக்கியம் எழுத வரவில்லை என்றால் அந்தப் பகுதியில் சொல்ல விஷயம் இல்லை என்று அர்த்தம், அதை எடுத்துவிடலாம். அவளுடைய திட்டத்திலிருந்து ஜாகர்ஸின் சோப்பு இப்படித்தான் வெளியேறியது. எனக்கே வருத்தம்தான், எவ்வளவு அழகான விவரம் அது! முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொன்னேன். என்ன சொன்னோம் என்று தெரிந்த பிறகுதான் என்ன சொல்லப்போகிறோம் என்று எழுத முடியும்.

ஓர் இடத்தில் எங்களுக்குள் உடன்பாடு வரவில்லை. நாவலின் கடைசி அத்தியாயமான 59ஐச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் அது. டிக்கன்ஸ் முதலில் வேறு முடிவு எழுதியிருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் பிப்பும், மறுமணம் செய்துகொண்ட எஸ்டெல்லாவும் லண்டன் பிக்காடில்லி தெருவில் சந்தித்து, சில வார்த்தைகளோடு பிரிகிறார்கள். நண்பரும் நாவலாசிரியருமான புல்வர் லிட்டன் சொன்னதைக் கேட்டு அதை மாற்றினார். அச்சில் வந்த முடிவில், மிஸ் ஹாவிஷாம் வீடு இருந்த இடத்தில் இருவரும் சந்திக்கிறார்கள். பிப் எஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் வெளியேறுகிறார்கள். பழைய முடிவை ஃபார்ஸ்டர் பின்னால் வெளியிட்டார். எது மேல் என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. பழையதே மேல் என்றவர்களில் பெர்னார்ட் ஷாவும் ஒருவர்.

எஸ்டெல்லாவின் கையைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றேன் நான். பிப்பின் கையை முரட்டுக் கை என்று இகழ்ந்தவள், மோலிக்கும் மேக்விட்ச்சுக்கும் பிறந்தவள். நீதிமன்றத்தில் பிப் பிடித்த கையின் ரத்தம்தான் அவள் கையிலும் ஓடுகிறது. கடைசிக் காட்சியில் அவன் அதைத் தெரிந்தே பிடிக்கிறான்.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “எஸ்டெல்லாவுக்கு அது தெரியவே தெரியாதே, மேம். அவங்க அப்பா யாருன்னு பிப் கடைசி வரைக்கும் அவங்ககிட்ட சொல்லல. சொல்லாம பிடிச்ச கை எப்படி ஊரறியப் பிடிச்ச கை ஆகும்?” என்றாள். அத்தோடு, எஸ்டெல்லாவின் கையைப் பிடிக்க அவனுக்கு எட்டாம் அத்தியாயத்திலிருந்தே ஆசை, அதற்குத் துணிச்சல் எதற்கு என்றும் கேட்டாள்.

கட்டுரையை 56ஆம் அத்தியாயத்தோடு முடித்துக் கொடுத்துவிட்டாள். நான் இன்னும் 59ஐ விடுவதாக இல்லை. இந்த வாரம் அதை மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறேன், இம்முறை பிப் எஸ்டெல்லாவிடம் எதைச் சொல்லாமல் விடுகிறான் என்ற இடங்களிலெல்லாம் கோடு போட்டுக்கொண்டு.